அளவெடுத்துச் செய்த நெடுவில்

நிமிர்த்தி நிறுத்தினால் ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும் வில் நெடுவில். வில்லாளிகளின் பேச்சில் அது ‘லாங்போ’. நாணேற்றியதும் அதன் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே சீரான வளைவாக நிற்கும். ரிகர்வ் வில்லைப் போல நுனிகள் எதிர்ப்பக்கம் சுருண்டிருக்காது. குறிபார்க்கும் கருவி, அதிர்வைத் தணிக்கும் தண்டு, காம்பவுண்ட் வில்லில் உள்ள சக்கரங்கள் எதுவும் இதில் கிடையாது. இவ்வளவு எளிய பொருளை இன்று இரண்டு வழிகளில் வாங்கலாம். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து கடையில் மாட்டிவைத்திருப்பதை எடுத்துக்கொள்வது ஒரு வழி. வில் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் உடல் அளவுகளைக் கொடுத்து, மரத்தையும் பிடியையும் பேசி முடித்து, தனக்கென்று செய்துகொள்வது இன்னொன்று. இரண்டாவதற்குப் பல மடங்கு விலை ஆகும். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

அந்தச் செலவு தகுமா என்பதற்கான விடை வில்லின் எளிமையிலேயே இருக்கிறது. ஒலிம்பிக் ரிகர்வ் வில்லில் வளையும் பாகங்களைக் கழற்றி மாற்றலாம். திருகாணியைத் திருப்பி இழுவிசையைக் கூட்டலாம், குறைக்கலாம். பிடியையே எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். நெடுவில்லில் திருப்புவதற்குத் திருகாணி எதுவும் இல்லை. வில்லாளிக்கு ஏற்றபடி இருக்கவேண்டியது எல்லாம் மரத்தைச் செதுக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். ஆகவே வேறெந்த வில்லையும்விட நெடுவில்லுக்குத்தான் அளவெடுப்பது அதிகப் பலன் தரும். தவறாகக் கொடுத்த அளவும் அதேபோல அதற்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

போர்வில்லுக்கு யாரும் அளவெடுக்கவில்லை

நெடுவில் என்றதும் நினைவுக்கு வருவது இங்கிலாந்து. 1346-இல் கிரெசி, 1356-இல் புவாத்தியே, 1415-இல் அஜின்கோர்ட் என்று பிரெஞ்சுப் படைகளை நிலைகுலைய வைத்த போர்களில் ஆங்கிலேய, வேல்ஸ் வில்லாளிகளின் பங்கு பெரிது. ஆனால் அந்த வில்கள் எந்த வில்லாளியின் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்தவை அல்ல. லண்டன் கோபுரம் போன்ற அரசுக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்து, படைக்குக் கட்டுக்கட்டாக வழங்கப்பட்டவை.

இதற்கு நேரடிச் சான்று கடலுக்கடியில் கிடைத்தது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத்துக்கு அருகே மூழ்கியது. 1982-இல் அதன் உடற்பகுதி மேலே கொண்டுவரப்பட்டது. அந்த அகழாய்வில் முழுமையாகக் கிடைத்த நெடுவில்கள் மட்டும் 137. அம்புகள் 3,500-க்கும் மேல். எல்லா வில்லும் யூ மரம். நீளம் சுமார் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இன்று பொழுதுபோக்காக எய்பவர் பிடிக்கும் வில் பெரும்பாலும் 35 முதல் 50 பவுண்டுதான். நீண்ட காலம், பெரும்பாலும் சிறுவயதிலிருந்தே, பழகினால் ஒழிய அந்தப் போர்வில்லை இழுக்க முடியாது. கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோள்பட்டையில் காணப்படும் மாறுதலை அந்தப் பழக்கத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள். மனிதன் வில்லுக்கு ஏற்றபடி வளர்ந்த காலம் அது.

துப்பாக்கி வந்து வில்லைப் போர்க்களத்திலிருந்து வெளியேற்றிய பிறகுதான் நிலைமை தலைகீழானது. 1781-இல் ஆஷ்டன் லீவர் லண்டனில் டாக்ஸோஃபிலைட் சங்கத்தைத் தொடங்கினார். வில்வித்தை செல்வந்தர்களின் தோட்ட விளையாட்டானது. 1787-இல் உருவான ராயல் பிரிட்டிஷ் போமென் சங்கம் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. வெவ்வேறு உயரம், வெவ்வேறு பலம் கொண்டவர்கள், அதுவும் கையில் காசு உள்ளவர்கள், தங்களுக்குப் பொருந்தும் வில்லைக் கேட்டார்கள். தாமஸ் வேரிங் போன்ற வில் செய்பவர்களின் தொழில் அவர்களால் மீண்டும் தழைத்தது. தனக்குப் பொருந்திய வில் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஹோரஸ் ஃபோர்டை உதாரணம் சொல்வார்கள். 100, 80, 60 கஜத் தொலைவுகளில் 288 அம்புகள் எய்ய வேண்டிய இரட்டை யார்க் சுற்றில் 1857-இல் அவர் எடுத்த 1,251 புள்ளிகளைப் பல பத்தாண்டுகள் யாராலும் எட்ட முடியவில்லை. ஃபோர்டின் சாதனையில் வில்லின் பங்கைவிட அவர் வகுத்துக்கொண்ட எய்யும் முறையின் பங்குதான் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவிலும் ஆள் உயர வில் பழையது. அலெக்சாந்தரின் படையெடுப்பைப் பற்றிய குறிப்புகளைக் கொண்டு எழுதிய அரியன், இந்தியக் காலாட்படையினரின் வில் அதை ஏந்தியவனின் உயரம் இருக்கும் என்றும், அதைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி நாணை இழுப்பார்கள் என்றும், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு என்றும் பதிந்திருக்கிறார். ராஜஸ்தான், ஜார்க்கண்ட் பழங்குடிகளிடமும் வயநாட்டுக் குறிச்சியரிடமும் வில் இன்னும் புழங்குகிறது. ஒலிம்பிக்வரை போன லிம்பா ராம் மூங்கில் வில்லில்தான் தொடங்கினார். தன் வில்லைத் தானே வெட்டிச் செய்துகொள்ளும் ஊர்களில் அளவெடுப்பது என்ற தனிப் பேச்சுக்கே இடமில்லை. செய்பவனும் எய்பவனும் ஒருவனே.

எதை அளக்கிறார்கள்

முதல் அளவு இழுப்பு நீளம். நாணை முழுதாக இழுத்துத் தாடையிலோ வாயோரத்திலோ நிறுத்தும்போது, அம்பின் பின்நுனிக்கும் வில்லின் பிடிக்கும் இடையே உள்ள தூரம் அது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

கடையில் உள்ள வில்களோ 28 அங்குல இழுப்பை வைத்தே குறிக்கப்படுகின்றன. ‘45 பவுண்டு’ என்று எழுதியிருந்தால் 28 அங்குலத்துக்கு இழுத்தால் 45 பவுண்டு என்று பொருள். கடைசி அங்குலங்களில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று பவுண்டு கூடும். 26½ அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் 41 பவுண்டுதான். ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர் 30 அங்குலம் இழுத்தால் 50-ஐத் தொடும். வாங்கியவர் நினைத்திருப்பதும் உண்மையில் இழுப்பதும் வேறு வேறு என்பது பலருக்கு வருடக்கணக்கில் தெரிவதே இல்லை.

இழுவிசையைவிட முக்கியமானது வில்லின் நீளத்துக்கும் இழுப்புக்கும் உள்ள பொருத்தம். குட்டையான வில்லை நெடுந்தூரம் இழுத்தால், நாணும் வில்லின் நுனியும் சேரும் இடத்தில் கோணம் 90 பாகையைத் தாண்டுகிறது. அதற்குப் பின் ஒவ்வோர் அங்குலமும் திடீரென்று கனக்கும். நாண் விரல்களை நெரிக்கும். நீண்ட வில்லைக் கொஞ்சமாக இழுத்தாலோ வேறு கோளாறு. வில் பாதிதான் வளையும். வளையாத பகுதியின் எடையை நாண் சும்மா இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்; அம்புக்குப் போகவேண்டிய சக்தி வில்லையே அசைப்பதில் தீர்ந்துவிடும். சராசரி அமெரிக்க ஆணை மனத்தில் வைத்து 68, 70 அங்குலத்தில் செய்த வில் 25 அங்குலம் இழுக்கும் பெண்ணிடம் மந்தமாக இருப்பது இதனால்தான். அவருக்கு 64 அல்லது 66 அங்குலத்தில் செய்தால் அதே இழுவிசையில் அம்பு தெளிவாக வேகமெடுக்கும். உயரத்தில் சராசரியை விட்டு விலகியவர்களுக்குத்தான் அளவு வில்லின் லாபம் பெரிது. சராசரி உடல்வாகு உள்ளவர் கடை வில்லையே எடுத்துக்கொண்டு பணத்தை அம்புக்குச் செலவிடலாம்.

பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களை லிம்ப் என்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இசைவாக வளையும்படி மரத்தைச் சீவிச் சீவிச் சரிபார்க்கும் வேலைக்கு டில்லரிங் என்று பெயர். வில்லைச் சுவரில் ஒரு கட்டையில் மாட்டி, நாணைக் கப்பி வழியாகக் கீழிருந்து இழுத்து, சற்று விலகி நின்று வளைவைப் பார்ப்பார்கள். எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே சுரண்டுவார்கள். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் கால்பங்குக்கும் மேல் போய்விடும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே முடிவை நெருங்க நெருங்க உளியும் இழைப்புளியும் போய், கண்ணாடிச் சில்லும் மணல்தாளும் வரும்.

இதில் வில்லாளியின் பழக்கமும் கணக்கில் சேரும். அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலுமாகப் பிடிப்பவருக்கு விசை ஒரு விதமாகப் பிரியும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவருக்கு வேறு விதமாக. முன்னவருக்குக் கீழ் லிம்ப் சற்றே விறைப்பாக இருக்க வேண்டும். பின்னவருக்கு இரண்டும் சமமாக இருப்பது நல்லது. கடை வில் பெரும்பாலும் முன்னவரை நினைத்துச் செய்தது. இடது கையால் எய்பவருக்குக் கடையில் தேர்வே குறைவு. அம்பு தங்கச் சிறு மேடை செதுக்காத பழைய ஆங்கில வில்லில் எந்தக் கையாலும் எய்யலாம் என்றாலும், மேடையுள்ள வில்லில் அந்த வசதி இல்லை.

பிடியின் வடிவமும் அளவுப் பட்டியலில் உண்டு. சிறிய உள்ளங்கைக்குப் பருமனான பிடி கிடைத்தால் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் சற்றே வேறு கோணத்தில் உட்காரும். அம்பும் அதற்கேற்ப இடமோ வலமோ போகும். நல்ல வில் செய்பவர் கையின் வரைபடத்தைத் தாளில் கேட்டு வாங்குவது இதற்காக.

மரமும் கண்ணாடி இழையும்

வளையும்போது வில்லின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, வில்லாளியை நோக்கிய பக்கம் நசுங்குகிறது. முதல் பக்கத்தை முதுகு என்றும் மற்றதை வயிறு என்றும் சொல்வது வழக்கம். யூ மரத்தில் இந்த இரண்டு வேலைக்கும் இயற்கையே ஆள் வைத்திருக்கிறது. பட்டைக்கு அடுத்துள்ள வெண்ணிற மரம் இழுவையைத் தாங்கும். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் உள்ள வைரம் நசுக்கலைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிளந்தெடுத்தால் ஒரே துண்டில் முழு வில். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ‘ஓட்ஸி’ மனிதனிடம் இருந்த, செதுக்கி முடிக்காத வில்லும் யூதான். இங்கிலாந்து இந்த மரத்துக்காக எவ்வளவு அலைந்தது என்பதற்கு 1472-ஆம் ஆண்டுச் சட்டம் சான்று: வெளிநாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு ‘டன்’ சரக்குடனும் வில்லுக்கான நான்கு மரத்துண்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

இன்று நேரான, கணு குறைந்த யூ துண்டு அரிது. பிளந்து, முனைகளை அடைத்து, சில ஆண்டுகள் உலரவிட வேண்டும். கணு உள்ள இடத்தில் மரத்தைச் சற்று மேடாக விட்டுச் செதுக்க வேண்டும். ஒற்றைத் துண்டு யூ வில்லின் விலைக்கு இதெல்லாம் காரணம். அமெரிக்காவில் அதே இடத்தை ஓசேஜ் ஆரஞ்சு என்ற மஞ்சள் நிற மரம் பிடித்திருக்கிறது. மூங்கில் பட்டையை முதுகாக ஒட்டி, வயிற்றுக்கு இபே போன்ற கடினமான வெப்பமண்டல மரத்தை வைப்பதும் பரவலான முறை. மூங்கிலின் உறுதி முழுவதும் அதன் வெளித்தோலை ஒட்டியே இருக்கிறது. புறத்தே வைரம் உள்ளவை புல், அகத்தே வைரம் உள்ளவை மரம் என்று தொல்காப்பியம் வகுத்த பாகுபாட்டின்படி இந்த வில்லைப் புல்லையும் மரத்தையும் ஒட்டிச் செய்தது என்று சொல்லலாம்.

1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக், ஃபாரஸ்ட் நாக்லர் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்களும் பொறியாளர்களும் வில்லை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கில நெடுவில்லின் தடித்த, வயிறு உருண்ட குறுக்குவெட்டு மரத்தைத் தேவைக்கு மேல் நெருக்குகிறது, தட்டையான அகன்ற லிம்ப் சக்தியைச் சிக்கனமாகச் சேமிக்கிறது என்பது அவர்கள் கண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைப் பட்டைகள் வந்தன. மெல்லிய மர அடுக்குகளின் இரு பக்கமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டிச் செய்யும் அமெரிக்க நெடுவில் இன்று அளவு வில் சந்தையின் பெரும்பகுதி. 1938-இல் வெளிவந்த ராபின் ஹூட் படத்துக்கு அம்பு எய்துகொடுத்த ஹோவர்ட் ஹில் பயன்படுத்திய நேர் வடிவத்துக்கு ‘ஹில் பாணி’ என்றே பெயர். பிடியருகே பின்வாங்கி நுனியருகே முன்னோக்கும் வளைவுள்ளது இன்னொரு வகை. அது கையை அதிகம் உலுக்காது, வேகமும் சற்றுக் கூடுதல்.

கைவினைஞரின் பட்டியலில் அரிய மரங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஃபைபர்கிளாஸ் வில்லில் வேலையின் பெரும்பங்கைச் செய்வது கண்ணாடி இழைதான். நடுவில் உள்ள மரம் அதைத் தாங்கும் இடைப்பொருள். வரிவரியான வெளியடுக்குக்குக் கூடுதலாக நூறு டாலர் கொடுப்பவர் அழகுக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். முழு மர வில்லிலும் மரத்தின் பெயருக்கு மிகையான மதிப்பு உண்டு. ஆஷ், எல்ம், ஹிக்கரி போன்ற சாதாரண மரங்களை அவற்றின் குணத்துக்கேற்ப அகலமாகச் செதுக்கினால் யூ வில்லை நெருங்கிவிட முடியும் என்பதை ‘டிரடிஷனல் போயர்ஸ் பைபிள்’ தொகுதிகள் 1990-களில் சோதனைகளோடு காட்டின. டென்மார்க்கின் ஹோல்மகோர்டில் கிடைத்த, மிகப் பழைய வில்களில் ஒன்றும் எல்ம் மரம்தான்.

வேகத்துக்காக வாங்கக்கூடாது

அளவு வில் வாங்கினால் அம்பு பறக்கும் என்ற எதிர்பார்ப்பு ஏமாற்றத்தில் முடியும். 45 பவுண்டு நெடுவில்லிலிருந்து, அதற்குத் தகுந்த எடையுள்ள அம்பு விநாடிக்கு 50 மீட்டரை ஒட்டிய வேகத்தில் கிளம்பும். காம்பவுண்ட் வில் 80 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். எவ்வளவு திறமையான கை செதுக்கினாலும் நெடுவில்லின் அடிப்படை வடிவம் விதிக்கும் எல்லை இது. கிடைப்பது வேறு ஒன்று: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. குறிபார்க்கும் கருவி இல்லாத வில்லில் கண், தோள், விரல் மூன்றும் சேர்ந்து பழக்கத்தால்தான் குறியைக் கண்டுபிடிக்கின்றன. பிடி கையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, இழுப்பு முடியும் இடத்தில் வில் கனக்காமல் வழிவிட்டால், பழக்கம் படிய அதிக நாளாகாது. வில்லோடு மல்லுக்கட்டும் நேரம் எய்யும் முறையைத் திருத்தும் நேரமாகிறது.

இரண்டாவது லாபம் பேசுவதற்கு ஆள் இருப்பது. செய்தவர் தொலைபேசியில் கிடைப்பார். ஓரிரு பவுண்டு குறைக்க வேண்டும், பிடியை இன்னும் மெலிதாக்க வேண்டும் என்றால் திருப்பி அனுப்பலாம். எந்த அம்பு, எந்த நாண், நாணுக்கும் பிடிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அந்தக் குறிப்பிட்ட வில்லைப் பற்றியே சொல்லுவார். கடை வில்லோடு வரும் அச்சிட்ட தாள் எல்லா வில்லுக்கும் ஒன்றுதான்.

இனி மறுபக்கம். விலை முதலாவது. பொதுவாகத் தொழிற்சாலை நெடுவில் 100 முதல் 250 டாலருக்குள் கிடைக்கும். பெயர்பெற்ற கைவினைஞரின் வில் 600 டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விமானக் கூலியும் சுங்கமும் சேரும். பெயர்பெற்றவர் என்றாலே வரிசையும் நீளம். சில மாதம் முதல் ஓராண்டுக்கு மேல்வரை காத்திருப்பு சகஜம். முன்பணம் கொடுத்தபின் வில் செய்பவர் நோய்வாய்ப்படலாம், தொழிலை விடலாம். ஒருவர், இருவர் உழைக்கும் பட்டறைகளில் இந்த அபாயத்தை ஒதுக்கிவிட முடியாது. எய்து பார்த்து வாங்கவும் வழியில்லை.

ஆனால் பணமும் நாளும் பெரிய குறை அல்ல. பெரிய குறை, வாங்குபவரின் உடல் இன்னும் மாறிக்கொண்டிருப்பது. புதிதாக வில் எடுத்தவர் தோளைச் சுருக்கி, முழங்கையை மடக்கி இழுப்பார். முதுகுத் தசைகளால் இழுக்கப் பழகிய பிறகு அவருடைய இழுப்பு நீளம் ஓர் அங்குலம், சில சமயம் இரண்டு அங்குலம்கூடக் கூடும். தொடக்கத்தில் 25 பவுண்டே கனமாகத் தோன்றியவருக்கு ஒரு வருடத்தில் 40 பவுண்டு இயல்பாக வரும். பழக ஆரம்பித்த மூன்றாம் மாதத்தில் கொடுத்த அளவு, வில் வந்து சேரும் நாளில் வேறு ஒருவருடைய அளவு. ரிகர்வ் வில்லில் இந்த மாற்றத்தை லிம்ப்களை மாற்றிச் சமாளிக்கலாம். நெடுவில்லில் இழுவிசையைச் சற்றுக் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. முழு மர வில்லை, செய்த அளவைத் தாண்டி இழுத்தால் அது வில்லுக்கே ஆபத்து. மரநார் தன் நீளத்தில் சுமார் ஒரு சதவீதம் நீண்டாலே அறுபடும் எல்லைக்கு வந்துவிடும். 27 அங்குலத்துக்கு டில்லர் செய்த யூ வில்லை உயரமான நண்பர் ஒருவர் ஆசைக்கு இழுத்துப் பார்ப்பது, பலருடைய வில் முறிந்த கதையின் முதல் வரி.

இரண்டாம் கைக்கு விற்பதும் இதே காரணத்தால் கடினம். ஒருவருக்கென்று செய்த குட்டையான, இடக்கை வில்லுக்கு அதே உடல்வாகுள்ள இன்னொருவர் கிடைக்க வேண்டும். சில பெயர்பெற்ற பட்டறைகளின் வில் மட்டும் நல்ல விலைக்குக் கைமாறும்; அதுவும் 28 அங்குலத்துக்கும் 45 பவுண்டுக்கும் பக்கத்தில் இருந்தால்.

அம்பும் காற்றும்

வில்லின் விலையோடு கணக்கு முடிவதில்லை. நவீன வில்லில் அம்பு நடுவாகப் போக வழி வெட்டியிருக்கும். நெடுவில்லில் அது பிடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்: கிளம்பும் கணத்தில் ஒரு பக்கம் வளைந்து, பிடியைத் தாண்டியதும் மறுபக்கம் வளைந்து, பிறகு நேராகும். இதற்கு அம்பின் விறைப்பு வில்லுக்குச் சரியாகப் பொருந்தியாக வேண்டும். மர அம்பை 26 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டுகளின் மேல் வைத்து, நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்த்து விறைப்பை வகைப்படுத்துவார்கள். ஓரிகான் மாநிலத்துப் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் மரம் இதற்குப் பேர்போனது. எடை மிகக் குறைந்த அம்பும் ஆகாது. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒன்பது, பத்து கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) என்ற அளவில் அம்பு கனமாக இருந்தால்தான் மிச்சச் சக்தி வில்லையும் கையையும் உலுக்காது. ஆயிரம் டாலர் வில்லில் பொருந்தாத அம்பைப் பூட்டுவதைவிட, சாதாரண வில்லில் பார்த்துப் பொறுக்கிய ஒரு டஜன் அம்பு நெருக்கமாகக் குத்தும்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மர வில்லை எட்டு முதல் பத்து சதவீத ஈரப்பதம் உள்ள மரத்தில் செய்வார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் காற்றில் வைத்த மரம், மெழுகும் வார்னிஷும் பூசியிருந்தாலும், நாளடைவில் காற்றின் ஈரத்தோடு சமனாகி 14 சதவீதம்வரை போகும். ஈரமேறிய வில் மந்தமாகும். நாண் கழற்றிய பின்னும் வளைந்தே நிற்கும். ஹிக்கரி இதில் மிக மோசம். ஓசேஜ் ஓரளவு தாங்கும். வறண்ட அமெரிக்க மாநிலம் ஒன்றில் 45 பவுண்டாகப் புறப்பட்ட ஹிக்கரி வில் இங்கே இரண்டு மழைக்காலம் கழித்து அந்த இழுவிசையில் இராது. ஃபைபர்கிளாஸ் ஒட்டிய வில்லுக்கு ஈரத்தால் கேடு குறைவு, வெப்பம்தான் எதிரி. மே மாத வெயிலில் பூட்டிய காரில் விட்டுப்போனால் பசை இளகி அடுக்கு பிரியலாம். இந்தக் காற்றுக்குக் கண்ணாடி இழை வில்லே பொருத்தம். ஒற்றைத் துண்டு யூ வில்லை ஆசைக்காக வாங்குபவர் குளிர்சாதன அறையில் வைத்துக்கொள்ளலாம். எந்த வகையானாலும் எய்து முடித்ததும் நாணைக் கழற்ற வேண்டும், மூலையில் சாய்த்துவைக்கக் கூடாது, அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது.

ஆர்டர் கொடுக்கும் முன்

இழுப்பு நீளம் ஒரு வருடமாக மாறவில்லை, எந்த இழுவிசையில் நூறு அம்புவரை களைப்பின்றி எய்ய முடியும் என்று தெரியும், கடை வில்லில் எது இடைஞ்சல் என்று வாயால் சொல்ல முடியும் என்ற நிலைக்கு வந்தவருக்கு அளவு வில் கொடுத்த காசுக்கு உழைக்கும். அதுவரை மலிவான ஒரு நெடுவில்லோ, இரவல் வில்லோ போதும். உயரம் மிகக் குறைந்தவர், மிக உயர்ந்தவர், இடக்கைக்காரர் ஆகியோர் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே இந்தப் பக்கம் திரும்பலாம்.

அளவைத் தானே எடுத்துக்கொள்ளாமல், பழகிய ஒருவர் அருகில் நின்று பார்க்க, அங்குலக் குறியிட்ட நீண்ட அம்பை இயல்பாக இழுத்து எடுக்க வேண்டும். தனியாக இழுத்தால் பலர் சற்றுக் கூட்டியே இழுப்பார்கள். இழுவிசையைக் கேட்கும்போது “28-இல் 45” என்று சொல்வதா, “என் 26½-இல் 42” என்று சொல்வதா என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது, இரண்டாவதுதான் சரி. எந்த விரல் அமைப்பு, எந்தக் கை, ஊரின் காற்று எப்படி என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். போட்டிக்குப் போகிறவர் விதியைப் பார்த்துவிட்டுத்தான் வடிவத்தை முடிவுசெய்ய வேண்டும். 1951-இல் தொடங்கிய பிரிட்டிஷ் லாங்போ சொசைட்டியின் போட்டிகளுக்குத் தடித்த குறுக்குவெட்டும் நுனியில் கொம்புப் பூணும் உள்ள ஆங்கில வில் வேண்டும்; தட்டையான அமெரிக்க நெடுவில்லுக்கு அங்கே இடமில்லை. வேர்ல்ட் ஆர்ச்சரி நடத்தும் முப்பரிமாண இலக்குப் போட்டியின் நெடுவில் பிரிவில் அமெரிக்க வகையும் செல்லும், ஆனால் அம்பு மரமாக இருக்க வேண்டும். அடிக்கடி விமானத்தில் போகிறவர், பிடியில் இரண்டாகக் கழலும் வகையைக் கேட்கலாம். கூடுதல் விலை உண்டு, ஆறடிப் பெட்டியைத் தூக்கும் தொல்லை இல்லை.

உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குவது கடைசி வேலை. ஃபைபர்கிளாஸ் வில்லுக்கு ஒன்றிரண்டு ஆண்டோ அதற்கு மேலோ கொடுப்பவர்கள் உண்டு. முழு மர வில்லுக்குப் பலர் மிகக் குறுகிய காலமே கொடுப்பார்கள், சிலர் கொடுப்பதே இல்லை. மரத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு கணுவுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்பது அவர்கள் நியாயம். குறித்த இழுப்பைத் தாண்டி இழுத்தாலோ, அம்பில்லாமல் விட்டாலோ எந்த உத்தரவாதமும் செல்லாது. அந்த இழுப்பு நீளத்தைப் பல கைவினைஞர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே வில்லின் வயிற்றில் மையால் எழுதித் தருகிறார்கள்.